யூராலஜிஸ்ட்டின் பெயர்ப்பலகையை எப்படிப் படிப்பது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எந்தத் தனியார் மருத்துவமனைக்குள் நுழைந்தாலும் டாக்டர்களின் பெயர்களைத் தாங்கிய நீளமான பலகை ஒன்று கண்ணில் படும். கோவெந்தர், நாயுடு, மூட்லி, பிள்ளை, படையாச்சி என்று நம் பெயர்களுக்கு அதில் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் பட்டங்கள் வரிசை கட்டி நிற்கும். யூராலஜிஸ்ட் (சிறுநீர்ப் பாதைக்கான அறுவை மருத்துவர்) என்றால் எம்.பி.சி.எச்.பி., எஃப்.சி.யூரால்., எம்.மெட். வீட்டில் யாருக்காவது சிறுநீரில் ரத்தம் போனாலோ, புராஸ்டேட் ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ.வின் எண் ஏறினாலோ இந்த எழுத்துகளை யாரும் படிப்பதில்லை. கோயிலிலும் கல்யாண வீட்டிலும் நாலு பேரிடம் விசாரிப்போம். "கைராசிக்காரர்" என்பார் ஒருவர். "வெளிநாட்டில் படித்தவர்" என்பார் இன்னொருவர். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. அந்த எழுத்துகளுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் ஓரளவு உதவும். அவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்று கவனிக்கத் தெரிந்தால் அதைவிட உதவும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டயாலிசிஸ், சிறுநீரகம் பழுதாவது, கிரியாட்டினின் ஏறுவது எல்லாம் நெஃப்ராலஜிஸ்ட்டின் வேலை; அவர் மருந்து மருத்துவர். சிறுநீர் வெளியேறும் பாதை முழுவதும், அதாவது சிறுநீரகம் தொடங்கி சிறுநீர்ப்பை, சிறுநீர்த்தாரை வரை, ஆண்களுக்குப் புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி), விதை, ஆணுறுப்பு, இவற்றில் அடைப்பு, கல், கட்டி, கசிவு என்றால் யூராலஜிஸ்ட்டிடம் போக வேண்டும். அவர் அறுவை மருத்துவர். ஆனால் நல்ல யூராலஜிஸ்ட் ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தால், கத்தி எடுக்காமல் இருக்கக் காரணம் தேடுவதிலேயே அவருடைய பாதி நேரம் போவது தெரியும்.

அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் கரை சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த அந்த ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் டாக்டராக வேண்டுமென்றால் நெடுங்காலம் கடல் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. டாக்டர் கூனம் என்று எல்லாரும் அழைத்த கேசவேலு குணரத்தினம், டாக்டர் மான்டி நாய்க்கர் இருவருமே எடின்பரோவில் படித்துவிட்டு 1930களில் டர்பன் திரும்பி பிராக்டீஸ் தொடங்கியவர்கள். பிறகு இருவரும் அரசியலிலும் இறங்கி சிறைக்கும் போனது தனிக் கதை. வெள்ளையர் அல்லாத மாணவர்களுக்கென்று நட்டால் பல்கலைக்கழகத்தில் மருத்துவக் கல்லூரி திறந்தது 1951இல்தான். கறுப்பர் விடுதலைப் போராளி ஸ்டீவ் பிக்கோ படித்ததும் இங்கேதான். இப்போது அதற்கு நெல்சன் மண்டேலாவின் பெயர்.

அந்தக் கல்லூரி மாணவர்கள் பயின்றது பக்கத்திலிருந்த கிங் எட்வர்டு VIII மருத்துவமனையில். கட்டில் போதாமல் தரையில் பாய் விரித்து நோயாளிகளைப் படுக்க வைத்த இடம் அது. வெள்ளையர் மருத்துவமனைகளில் இருந்த வசதியில் பாதிகூட அங்கே இல்லை. நோய்கள் மட்டும் முற்றிய நிலையில் வந்துகொண்டே இருந்தன. இன்று டர்பனில் தலை நரைத்த தமிழ் மருத்துவர்களில் பலர் இந்த வார்டுகளில் தொழில் கற்றவர்கள். ஸ்கேன் கிடைக்க நாளாகும் இடத்தில், கேட்டும் தொட்டும் பார்த்துதான் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் எளிதில் விட்டுப் போகாது.

இப்போது யூராலஜிஸ்ட் ஆவதற்கான பாதை இப்படி இருக்கிறது. மருத்துவப் படிப்பு (எம்.பி.சி.எச்.பி.) பொதுவாக ஆறு ஆண்டுகள். அப்புறம் இரண்டு ஆண்டு இன்டர்ன்ஷிப். அதன் பின் ஓராண்டு சமூக சேவை. 1998 முதல் புது டாக்டர்களுக்கு இது கட்டாயம், பெரும்பாலும் எங்கோ ஒரு கிராமத்து மருத்துவமனையில். மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும்வரை பலர் அரசு மருத்துவமனையில் மெடிக்கல் ஆபீசராக ஓட்டுவார்கள். இடம் கிடைத்ததும் ரெஜிஸ்ட்ரார் என்ற பெயரில் நாலைந்து ஆண்டுப் பயிற்சி. பொது அறுவை சிகிச்சையில் ஒரு பகுதி, மீதி யூராலஜியில். முடிவில் தென்னாப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகள் அமைப்பு நடத்தும் தேர்வு. அதில் தேறினால்தான் 'எஃப்.சி.யூரால்.' போட்டுக்கொள்ளலாம். 'எம்.மெட்.' என்பது அவர் ஓர் ஆய்வும் செய்து முடித்திருக்கிறார் என்பதற்கு அடையாளம். கூட்டிப் பார்த்தால் பள்ளி முடித்துப் பதினான்கு பதினைந்து ஆண்டுகள். பலகையில் இருக்கும் அந்த எழுத்துகள் சும்மா வந்தவை அல்ல. ஆனால் எல்லா யூராலஜிஸ்ட்டுக்கும் அதே எழுத்துகள்தான். ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட அவற்றால் முடியாது.

ரெஜிஸ்ட்ரார் காலத்தில் ஒருவர் எதைப் பார்த்தார் என்பது அதைவிட முக்கியம். டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணத்தின் ஆறுகளிலும் குட்டைகளிலும் பில்ஹார்சியா உண்டு. நத்தை வழியாக வரும் ஒட்டுண்ணி. தண்ணீரில் இறங்கும் பிள்ளைகளின் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் அதன் முட்டைகள் சிறுநீர்ப்பைச் சுவரில் தங்கிவிடும். சிறுநீரின் கடைசிச் சொட்டுகளில் ரத்தம் வரும். பிராசிக்வான்டெல் மாத்திரை கொடுத்தால் தீரும். கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அதனால்தான் இங்கே பயின்றவர், சிறுநீரில் ரத்தம் என்று ஓர் இளைஞன் வந்தால் "எந்த ஆற்றில் குளிச்சே?" என்று கேட்பார். அதே ரத்தம் வலியே இல்லாமல் அறுபது வயதுக்காரருக்கு வந்தால் முதல் கேள்வி, "சிகரெட் உண்டா?" வலி இல்லையே என்று பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். வலியில்லாத ரத்தத்துக்குத்தான் உடனே ஓட வேண்டும். ஒரு தடவை வந்து தானாக நின்றுவிட்டாலும் உள்ளே குழாய்க் கேமரா விட்டுப் பார்க்காமல் நல்ல யூராலஜிஸ்ட் விட மாட்டார்.

சிறுநீரகப் பாதையில் காசநோய், எலும்புக்குப் பரவிய பிறகு வரும் புராஸ்டேட் புற்றுநோய், சாலை விபத்தில் அறுந்த சிறுநீர்த்தாரை என்று அரசு மருத்துவமனை காட்டாதது இல்லை. பிறகு தனியாருக்குப் போனாலும் இந்த அனுபவம் கூடவே போகிறது. அரசு வேலையில் இருந்துகொண்டே அனுமதி பெற்றுத் தனியாராகவும் பார்ப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், ஒருவர் லண்டனில் மூன்று மாதம் இருந்தார் என்பதைவிட கிங் எட்வர்டிலோ, 2002இல் திறந்த இன்கோசி ஆல்பர்ட் லுதுலி மருத்துவமனையிலோ எத்தனை ஆண்டு இருந்தார் என்பது பெரிய தகுதி.

சரி, அறைக்குள் என்ன நடக்கிறது? டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் மாமாவோடு ஒரு முறை போயிருந்தேன். இரவில் அடிக்கடி எழுந்திருக்கிறார். புராஸ்டேட் வீங்கிவிட்டது, ஆபரேஷன்தான் என்று அவரே முடிவு கட்டியிருந்தார். டாக்டர் நம்மவர், நாற்பது வயசு இருக்கும். பேச்சு பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் நடந்தது. இங்கே தமிழில் தருகிறேன்.

"அங்கிள், ராத்திரி எத்தனை தடவை எழுந்திரிக்கிறீங்க?"

"ஒண்ணு, ரெண்டு தடவை இருக்கும், டாக்டர்."

பக்கத்து நாற்காலியிலிருந்து மாமி, "நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் லைட்டைப் போடறது நான்தானே" என்றார்.

டாக்டர் சிரித்துக் குறித்துக்கொண்டார். இன்னும் சில கேள்விகள். பிறகு, "ஆன்ட்டி, அஞ்சு நிமிஷம் வெளியே இருக்கீங்களா, நான் அங்கிளைப் பரிசோதிக்கணும்" என்று மாமியையும் என்னையும் அனுப்பிவிட்டார். அந்த ஐந்து நிமிடம் முக்கியம். சுகர் இருக்கிற ஆண்கள் மனைவி முன்னால் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. தாம்பத்தியம் நின்றுபோய் இரண்டு வருஷமாகியிருக்கும். ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடச் சிறியவை. அதனால் விறைப்பில் வரும் குறை, சில வருடம் கழித்து வரப்போகும் இதயநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடம் சர்க்கரை நோய் எவ்வளவு என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இந்தக் கேள்வியைக் கூச்சப்படாமல் கேட்கிற டாக்டர், அங்கிளின் இதயத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்.

மாமாவிடம் ஒரு தாளைக் கொடுத்திருந்தார்கள். உலகம் முழுக்க யூராலஜிஸ்ட்டுகள் பயன்படுத்தும் கேள்வித்தாள்தான். முக்கியோ, நின்று நின்றோ போகிறதா, அவசரம் தாங்க முடிகிறதா என்று ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். 7 வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. இந்த ஏழுக்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது: மீதி வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என் பார்வையில் அந்தத் தாளிலேயே பெரிய கேள்வி இதுதான். ஒரே 15 மதிப்பெண் வாங்கிய இருவரில் வீட்டிலேயே இருக்கும் பெரியவர், "பரவாயில்லை, பழகிப்போச்சு" என்பார். நீண்ட தூரம் லாரி ஓட்டுபவர், "இப்படியே ஒரு மாசம்கூட முடியாது" என்பார். முதலாமவருக்கு மாத்திரைகூட வேண்டாம். இரண்டாமவருக்கு மாத்திரை, கேட்காவிட்டால் ஆபரேஷன். சுரப்பி எத்தனை கிராம் என்று ஸ்கேன் சொல்லும். அது அவர் வாழ்க்கையில் எவ்வளவு தொந்தரவு என்று ஸ்கேனுக்குத் தெரியாது.

மாமாவுக்கு அன்று ஆபரேஷன் தேதி கிடைக்கவில்லை. மூன்று நாள் கணக்கு எழுதி வரச் சொன்னார்கள்: எத்தனை மணிக்கு என்ன குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு போனது. அளக்க ஒரு ஜக். ("சமையலறை ஜக்கைத் தொடக்கூடாது" என்று மாமி அன்றே உத்தரவு போட்டுவிட்டார்.) கணக்கைப் பார்த்தால், சாப்பாட்டுக்குப் பிறகு டிவி முன்னால் இரண்டு பெரிய கப் டீ. அதோடு பி.பி.க்கு வேறொரு கிளினிக்கில் கொடுத்த நீர் மாத்திரையை, காலையில் மறந்துவிடுகிறது என்று ராத்திரிக்கு மாற்றி வைத்திருந்தார். டீ குறைந்தது, மாத்திரை காலைக்கு நகர்ந்தது, புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் என்ற மாத்திரை ஒன்று சேர்ந்தது. இப்போது ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். மாமி லைட்டைப் போடுவதில்லை.

எல்லார் கதையும் இப்படி முடிவதில்லை. சிறுநீர் முழுதாக அடைத்துக்கொண்டு வலியில் துடித்து வருபவர், அடைப்பால் சிறுநீரகமே வீங்கியவர், திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று வருபவர், இவர்களுக்கு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது தப்பு. பதின்ம வயதுப் பையனுக்குத் திடீரென்று விதையில் கடும் வலி வந்தால் காத்திருக்கவே கூடாது. விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் திருப்பிவிட வேண்டும். தாண்டத் தாண்ட அதைக் காப்பாற்றும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். பையன்கள் வெட்கப்பட்டு அம்மாவிடம் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொள்வார்கள். வீட்டில் ஆண்பிள்ளை இருந்தால் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பி.எஸ்.ஏ. விஷயத்துக்கு வருவோம். தென்னாப்பிரிக்க வழிகாட்டுதலின்படி கறுப்பின ஆண்களும், அப்பா அல்லது அண்ணன் தம்பிக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தவர்களும் 40 வயதிலிருந்தே இந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் பேசத் தொடங்க வேண்டும், மற்றவர்கள் 45இலிருந்து. எண் 4ஐத் தாண்டிவிட்டால் நம்மவர்கள் உயில் எழுதவே உட்கார்ந்துவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று, பெரிய சுரப்பி, சமீபத்தில் போட்ட சிறுநீர் டியூப், எதுவும் அந்த எண்ணை ஏற்றும். நிதானமான டாக்டர், தொற்றைச் சரிசெய்து சில வாரம் விட்டு மறுபடி எடுக்கச் சொல்வார். இன்னொன்றும் கேட்பார்: ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறீர்களா? புராஸ்டேட்டுக்கும் தலைமுடிக்கும் கொடுக்கும் மாத்திரை அது. அதைச் சாப்பிடுபவருக்கு பி.எஸ்.ஏ. எண் ஏறத்தாழ பாதியாகத் தெரியும். 3 என்று வந்தால் நிம்மதி அடையக்கூடாது, அது உண்மையில் 6 ஆக இருக்கலாம். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டு நோய் தவறிப்போகிற ஆட்கள் உண்டு.

பயாப்ஸியில் புற்றுநோய் என்றே வந்தாலும், தீவிரம் குறைந்த வகையென்றால் உடனே வெட்டாமல் கண்காணிப்பதும் ஒரு சிகிச்சைதான். இதை ஏற்கவைக்க டாக்டருக்கு அறுவை சிகிச்சையைவிட அதிக நேரம் பிடிக்கும். குடும்பம் முழுக்க வந்து உட்கார்ந்து "எடுத்துப் போட்டுடுங்க டாக்டர்" என்னும்போது, எடுத்தால் சிறுநீர் கசியலாம், விறைப்பு போகலாம் என்று பொறுமையாகச் சொல்ல வேண்டும். அந்தக் கூட்டத்தில் நோயாளி மட்டும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கவும் வேண்டும்.

தென்னாப்பிரிக்க யூராலஜி உலகச் செய்தியானது கேப்டவுன் பக்கத்து டைகர்பெர்க் மருத்துவமனையால். 2014 டிசம்பர் 11 அன்று ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆந்த்ரே வான் டெர் மெர்வெ தலைமையில் ஒன்பது மணி நேரம் நடந்த ஆணுறுப்பு மாற்று அறுவை சிகிச்சை, உலகிலேயே நிலைத்து வெற்றி பெற்ற முதல் சிகிச்சை. நோயாளிக்கு வயது 21. பாரம்பரிய விருத்தசேதனச் சடங்கில் காயம் முற்றி மூன்று ஆண்டுகளுக்கு முன் உறுப்பை இழந்தவர். இப்படி இழக்கும் இளைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்தத் தேவைதான் இந்த ஆய்வுக்கே காரணம்.

இதற்கு முன்னால் சீனாவின் குவாங்ஜோவில் ஒருவருக்கு இதே சிகிச்சை நடந்து, 2006இல் செய்தி வெளிவந்தது. தையல் பிடித்தது, ரத்தம் ஓடியது. ஆனால் இரண்டே வாரத்தில் உறுப்பை எடுத்துவிட்டார்கள். அந்த மனிதராலும் அவர் மனைவியாலும் மனதளவில் அதைத் தாங்க முடியவில்லை. கை வேலையில் குறை இருந்ததாகத் தெரியவில்லை. மனித மனத்தை அளந்ததில்தான் எங்கோ பிசகியிருக்கிறது. இது உயிர் காக்கும் உறுப்பு அல்ல. ஆனாலும் பொருத்திக்கொண்டவர் ஆயுள் முழுக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த பேரம் யாருக்குச் சரிப்படும், யாருக்குச் சரிப்படாது என்று முன்பே பேசித் தெரிந்துகொள்வது, நுண்ணோக்கியில் ரத்தக்குழாய் தைப்பதற்குச் சமமான வேலை. 2017 ஏப்ரலில் அதே குழு இன்னொருவருக்குச் செய்தது. கொடுத்தவர் வெள்ளையர், பெற்றவர் கறுப்பர். நிற வேறுபாட்டை மருத்துவப் பச்சைகுத்தல் மூலம் சரிசெய்வோம் என்று அறிவித்தார்கள். இந்த நாட்டின் வரலாறு தெரிந்தவர்கள் இந்தச் செய்தியை இரண்டு முறை படித்திருப்பார்கள்.

பெண்கள் யூராலஜிஸ்ட்டிடம் போவதில்லை என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. இருமினால், சிரித்தால் சொட்டுகிறது என்பதை வயசுக்கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். இடுப்படித் தசைப் பயிற்சியிலேயே பலருக்குச் சரியாகும்.

சிறுநீரகக் கல் பற்றி ஒரு வார்த்தை. தைப்பூசம் இங்கே கொளுத்தும் கோடையில் வருகிறது. டர்பன் புழுக்கத்தில் விரதமிருந்து காவடி எடுத்து நடந்தால் உடம்பில் நீர் வற்றும், சிறுநீர் அடர்த்தியாகும். ஏற்கெனவே கல் வந்தவர்கள் விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசிக்கொள்வது நல்லது. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கிறேன் என்றால் சிரிக்காமல், "குடியுங்க, ஆனா காய்ச்சல் வந்தா அந்த நிமிஷமே வாங்க" என்கிற டாக்டரை நம்பலாம். அடைத்த கல்லோடு காய்ச்சலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

பணத்தைப் பேசாமல் முடியாது. இந்த நாட்டில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்குத்தான் மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, இருக்கிறது. அது இருப்பவர்களும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு: டாக்டர் கட்டணம் திட்டம் கொடுக்கும் தொகையைத் தாண்டினால் மீதி நம் கையிலிருந்து போகும். ஆபரேஷனுக்கு முன் டாக்டர், மயக்க மருத்துவர் இருவரிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெடிக்கல் எய்ட் இல்லாதவர்கள் பக்கத்து கிளினிக், பிறகு ஆர்.கே. கான் போன்ற அரசு மருத்துவமனை, அங்கிருந்து கடிதத்தோடு ஆல்பர்ட் லுதுலி என்று படிப்படியாக ஏற வேண்டும். காத்திருப்பு நீளம்தான். காத்திருக்கும் காலத்தில் ரத்தம் போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ வரிசையை மறந்துவிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

டாக்டரின் பதிவு செல்லுமா என்று தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் யாரும் பார்க்கலாம். மற்றபடி முதல் சந்திப்பில் நீங்கள் கேட்க வேண்டியவை சில. இந்த ஆபரேஷனை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வேறு வழி உண்டா? இதற்கு முகம் சுளிக்காமல் பதில் வந்தால் சரியான இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆபரேஷனுக்கு ரோபோ இருக்கிறது என்று விளம்பரம் போட்டிருந்தால் இந்தக் கேள்விகளை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள்.

போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பெட்டியோடு எடுத்துப் போங்கள், நாட்டு மருந்து உட்பட. பழைய பி.எஸ்.ஏ. முடிவுகளைத் தேதியோடு வையுங்கள். கிளம்பும் அவசரத்தில் வீட்டுக் கழிப்பறைக்குப் போய்விட்டு வராதீர்கள். நீரோட்ட வேகம் அளக்கும் மெஷினில் போகச் சொல்வார்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் கணக்கு சரியாக வரும், இல்லாவிட்டால் வரவேற்பறையில் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.